பெக்கோ ஆறு மணித்தியாலம், அலவாங்கு ஐந்து நாள்

கனகராயன் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் அம்மாவின் காணி, அரை ஏக்கர். 2009க்குப் பிறகு யாரும் குடியிருக்கவில்லை. வீடு கட்டலாம் என்று போய்ப் பார்த்தால் வளவு முழுக்க இப்பிலிப்பிலும் நாயுண்ணியும். ஆட்டுக்குக் குழை வெட்ட அப்பா வேலியோரம் வைத்த நாலு இப்பிலிப்பில் கன்றுகள் கிணற்றடி வரை காடாகி நின்றன.

முதலில் பிடித்தது ஒரு பெக்கோ சேவையை, வாளி வைத்து மண் தோண்டும் இயந்திரம். பெயர் வேண்டாம். மணிக்கு 6,000 ரூபா. வந்த தம்பி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இது மிதிவெடி எடுத்து முடிச்ச காணிதானே?" கடிதத்தைக் காட்டிய பிறகுதான் வாளியை இறக்கினார். அதற்கு முழுப் புள்ளி.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வளவு வெளித்துவிட்டது. ஆளை வைத்துத் தோண்டினால் கிழமைக் கணக்கில் இழுக்கும் பெரிய அடிக்கட்டைகளை வாளி வேரோடு புரட்டியது. ஆனால் சின்னக் கட்டைகளை மேலோடு முறித்து, மண்ணால் மூடிவிட்டுப் போனார்கள். இப்பிலிப்பிலுக்கு அது கவாத்துப் பண்ணின மாதிரி. மூன்றாம் கிழமை ஒரு கட்டைக்கு ஏழெட்டுத் துளிர். ஆற்றுப் பக்கம், நில அளவையாளர் ஆற்றோர ஒதுக்கு நிலத்துக்கு எல்லையாக அடித்த முளையைத் தாண்டி மருத மரங்களின் அடிவரை வழித்துத் தரட்டுமா என்று வேறு கேட்டார்கள். அந்தக் கரையைப் பிடித்து வைத்திருப்பதே மருது வேர். நான் குறுக்கே நிற்காவிட்டால் மாரி வெள்ளத்தோடு கரையும் இரணைமடுக் குளத்துக்குப் போயிருக்கும்.

பெரிய கோபம் பார்த்தீனியம் என்ற களையில். எங்கள் வளவில் அதை நான் கண்டதே இல்லை. அதே ஆட்களிடம் பாதைக்கு இரண்டு லோட் கிறவலும் வாங்கியிருந்தேன். ஐப்பசியில் இரண்டு மழை விழ, ரயர் ஓடிய தடத்திலும் கிறவல் ஓரத்திலும் கரட் இலை மாதிரிப் பச்சை. வாளியில் ஒட்டிய சேறு கொண்டுவந்ததா, கிறவலா என்று சத்தியம் பண்ண மாட்டேன். தொலைபேசியில் கேட்டால், "மழைக்குப் புல்லு முளைக்கும்தானே அக்கா" என்கிறார்கள். புல்லா? ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். மாடு தின்றால் பால் கசக்கும். பட்டால் சிலருக்குத் தோல் தடித்துக் கடிக்கும்.

அப்புறம்தான் ஊரில் கூலிக்குப் போகும் ஒரு ஐயாவையும் இரண்டு அக்காமாரையும் கூப்பிட்டேன். ஆளுக்கு நாட்கூலி 3,000, தேத்தண்ணி நம் பொறுப்பு. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னால் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் வேலை! ஐயா அலவாங்கால் நாயுண்ணியின் வேரடியைக் கிளப்பி, மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்துக் காயவிட்டார். புதைந்த இப்பிலிப்பில் கட்டைகளைத் துளிரை வைத்தே தேடிப் பிடித்தார். அக்காமார் கையுறையும் நீளக் கைச் சட்டையும் போட்டு, பார்த்தீனியத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உரப் பையில் கட்டினார்கள். ஆற்றில் ஒன்றுகூட வீசவில்லை. "பூக்க முதல் பிடுங்கவேணும் பிள்ளை. பூத்தா எங்களுக்கு வேலை, உங்களுக்குச் செலவு" என்றார் ஐயா.

பெக்கோவுக்குப் போனது 36,000. இவர்களுக்கு ஐந்து நாளில் 45,000. கூடத்தான். ஆனால் துளிர்த்தது, முளைத்தது எல்லாம் இந்த 45,000க்குத்தான் நின்றது. இன்னொரு தடவை என்றால் ஐயாவை முதலில் கூப்பிடுவேன். பெக்கோ பெரிய கட்டைகளுக்கு மட்டும், இரண்டு மணித்தியாலம், அதுவும் வாளியையும் ரயரையும் கழுவி வந்தால். கிறவல் அள்ளும் இடத்தில் பார்த்தீனியம் நிற்கிறதா என்று நானே போய்ப் பார்ப்பேன்.

தை பிறந்தால் அத்திவாரம் வெட்டு. அதற்கு முதல் ஐயா இன்னொரு நாள் வருகிறார், பாதையோரத்துக்கு மட்டும்.