ஒசாகாவில் வழிகாட்டி வரவே இல்லை, 26,400 யென் போச்சு

முந்தாநாள் மாலை 26,400 யென் ஏமாந்தோம். நம் காசில் கிட்டத்தட்ட 15,000 ரூபாய். நான், கணவர், அம்மா, ஆளுக்கு 8,800. ஊர் சுற்றிக்காட்ட ஆள் பிடித்துக் கொடுக்கும் செயலி ஒன்று. பெயர் வேண்டாம்.

போனது ஷின்செகாய் என்ற பழைய கேளிக்கைப் பேட்டைக்கு. 1912-இல் ஒரு பூங்காவும், ஈஃபிளைப் பார்த்துக் கட்டிய சுட்டென்காக்கு கோபுரமுமாகத் தொடங்கிய இடம். இப்போது நிற்கும் கோபுரம் 1956-இல் எழுப்பியது. நாங்களே சுற்றியிருக்கலாம்தான். ஆனால் அம்மா சைவம். அங்கே பேர்போன தீனி குஷிகட்சு, குச்சியில் குத்திப் பொரிப்பது. பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள். தாமரைக்கிழங்கு கேட்டாலும் அதே சட்டிதான். எங்கே வேறு எண்ணெய் என்று ஜப்பானிய மொழியில் விசாரித்துச் சொல்லத்தான் ஆள் வைத்தேன்.

அந்தக் கோபுரத்தின் உச்சி விளக்கு மறுநாள் வானிலையைச் சொல்லும். வெள்ளை என்றால் வெயில், ஆரஞ்சு என்றால் மேகமூட்டம், நீலம் என்றால் மழை. முதல் நாள் இரவு வழிகாட்டி அதைப் படம் எடுத்து அனுப்பினார். "நீலம் எரிகிறது, நாளைக்கு மழை. உங்கள் அம்மாவுக்கு நானே குடை கொண்டு வருகிறேன்." அதில்தான் விழுந்தேன். அம்மாவிடம் காட்டினேன், "நல்ல பிள்ளை" என்றார்.

மறுநாள் சொன்னபடி மழை வந்தது. நல்ல பிள்ளை வரவில்லை. கோபுரத்தின் கால்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றோம். எத்தனை செய்தி அனுப்பியும் பதில் இல்லை. கடைசியில் ஜான்ஜான் யோகோச்சோ சந்துக்குள் ஒதுங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிழவர்கள் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குக் காசே இல்லை! அங்கே பில்லிகென் என்ற அதிர்ஷ்ட தெய்வத்துக்குச் சிலை உண்டு, அதன் உள்ளங்காலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம். நான் தேய்க்கவில்லை, அப்போது இருந்த எரிச்சலில். அம்மா அறைக்குத் திரும்பி இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தார்.

புகார் கொடுத்தேன். முதலில் தானியங்கி பதில். அப்புறம் "72 மணி நேரம் பொறுங்கள்". இன்று காலை: "வழிகாட்டி காத்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை." ஆதாரமாக ஒரு படம் வேறு. கோபுரம் தெரிகிறது, கீழே சாலை காய்ந்து கிடக்கிறது. ஒரு குடைகூட இல்லை! அன்று மழை என்று எழுதினேன், நனைந்த எங்கள் படத்தையும் அனுப்பினேன். "முடிவு இறுதியானது, உங்கள் பொறுமைக்கு நன்றி." என்ன பொறுமை? 26,400 யென்!

எச்சரிக்கை என்று நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். போய் நின்ற உடனே நேரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மனிதக் குரல் எடுக்கும் எண் இல்லாத செயலி என்றால் தொடாதீர்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடுங்கள். நானும் இன்று எழுதியிருக்கிறேன்.

வழியில் குடை வாங்கிய செலவு தனி.