தினம் ஒரு வரி வயல் நோட்டு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழக்கம் வளர்க்க நான் பயன்படுத்தியவற்றில் இன்றுவரை தாக்குப்பிடிப்பது கோடு போட்ட ஒரு நீள நோட்டுதான்.

காவிரி டெல்டாவில், திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது இருந்த ஆசை சின்னது. "வயல் எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஆளைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லாத ஒருவனாக ஆக வேண்டும். அப்படிப்பட்டவன் தினமும் என்ன செய்வான்? காலையில் வரப்பில் நடப்பான், பார்த்ததை மறக்க மாட்டான். என் ஞாபகசக்தியை நம்ப முடியாது, அதனால் நோட்டு.

தேதி, வாய்க்காலில் தண்ணீர், வயலில் தண்ணீர், கண்ணில் பட்டது ஒன்று. அவ்வளவுதான் எழுதுவது. "கீழத்துண்டில் சில தூரில் நடுக்குருத்து காய்ந்திருக்கிறது" என்ற அளவில் போதும். முதல் சில வாரம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றே பக்கம் நிறைந்தது. துளை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்த பிறகுதான் கண்ணுக்கு வேலை வந்தது. குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் நம் ஊர் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அளவோடு. எங்கள் வயலில் வேலை பார்க்கும் பெரியவர் ஒரு நாள், "எழுதுறது இருக்கட்டும் தம்பி, நண்டு வளையப் பாத்தியளா?" என்றார். வரப்பில் நண்டு போட்ட ஓட்டை வழியாகக் கட்டிய தண்ணீர் ஒழுகிவிடும். அன்றிலிருந்து வரப்புக்கும் நோட்டில் இடம் உண்டு.

நோட்டோடு, விடாமல் செய்த நாட்களை எண்ணும் ஒரு செயலியும் போனில் வைத்திருந்தேன். ஒரு துக்க வீட்டுக்குப் போய் ஒரு நாள் விட்டால் கணக்கைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு செயல் தன்னியல்பாக மாற சராசரியாக 66 நாள், ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் விடுபட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. செயலியை அழித்துவிட்டேன்.

அந்த 254-ஐ நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். எங்களுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது, சுமார் 230 நாள். நிதானமாகப் பழகுகிற ஆளுக்கு ஒரு முழுப் பாசனக் காலமே போதாது! அதுவும் தண்ணீர் சொன்ன தேதிக்கு வந்தால்தான். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அதனால் "தண்ணி வந்ததும் ஆரம்பிக்கலாம்" என்பது சரிவராது. நான் நடையைக் காலை டீயோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். டீ எந்த வருடமும் தாமதமாவதில்லை.

இந்த முறையின் பெரிய குறை கோடைதான். சம்பா அறுவடைக்குப் பிறகு அறுத்த தாளுக்கு நடுவே வளரும் உளுந்து இருக்கும்வரை எழுத விஷயம் உண்டு. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து என்ன எழுதுவது? இப்போது கோடையில் மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது, வயலுக்குத் தண்ணீர் வரும் சின்னக் கன்னி வாய்க்காலைத் தூர்வாருவது மாதிரி ஏதாவது ஒரு வேலையைச் செய்து அதை எழுதுகிறேன். எதுவும் இல்லாத நாளில் பழைய நோட்டில் ஒரு பக்கம் படிப்பேன். பலன் அதில்தான் அதிகம். கார்த்திகை மூட்டத்தில், தூரின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்ததை முந்தைய வருடம் எழுதியிருந்தேன். அடுத்த வருடம் அதே நாட்களில் தூரை விலக்கி அடியில் பார்த்தேன், பூச்சி குறைவாக இருக்கும்போதே பிடிபட்டது. மேலே நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் இருந்தது.

சின்னக் குறைகளும் உண்டு. ஐப்பசி மழையில் பேனா மை கரைகிறது, பென்சிலே மேல். தேடி எடுப்பது கஷ்டம். என் கையெழுத்து வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

இதோடு ஆரம்பித்த யோகாவும் தினம் ஒரு குறள் மனப்பாடமும் நிலைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அவை நான் ஆக நினைத்த ஆளின் வேலை அல்ல, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் வேலை.

நிலம் இல்லாதவர்களுக்கும் இது ஒத்துவரும். கடை வைத்திருப்பவர் சரக்கை எழுதலாம், வாத்தியார் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதலாம். என்ன ஆளாக வேண்டும் என்பதே இன்னும் தெளிவில்லை என்றால் நோட்டு வாங்க அவசரம் வேண்டாம். விவசாயிகள் ஆரம்பிப்பதானால் கோடையிலேயே ஆரம்பியுங்கள். நடவு சமயத்தில் புதிதாக எதையும் தொடங்க நேரம் கிடைக்காது.