பெயர் 1050 டிஐ, உள்ளே 550 டிஐ: பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று எங்களுக்கு விற்ற கார்டு உண்மையில் 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. விண்டோஸில் பார்த்தால் 1050 டிஐ, 4 ஜிபி என்றுதான் காட்டும். கார்டின் மேல் இருக்கும் ஸ்டிக்கரும் அதையேதான் சொல்லும். இரண்டுமே பொய்.

இந்த மாடலை ஏன் குறிவைக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் வந்த 1050 டிஐ, கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கென்றே அமைந்த கார்டு. மொத்தமே 75 வாட்தான் எடுக்கும். அதையும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே கொடுத்துவிடும், பெரும்பாலான மாடல்களுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனியாக ஒயர் கொடுக்க வேண்டியதில்லை. யாரோ கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரில் இதைச் செருகினால் போதும், 1080பி திரையில் நிறைய கேம்களை நடுத்தர செட்டிங்கில் ஆடலாம். இத்தனை வருடம் ஆகியும் பழைய கார்டு சந்தையில் இதற்குக் கிராக்கி இருப்பது அதனால்தான். போலி செய்பவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

எங்களுடையது என் தம்பியின் கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், சாதாரண ஏடிஎக்ஸ் கேபினெட். அதற்கு ஒரு கார்டு மட்டும் போட்டால் போதும் என்பது திட்டம். ஆன்லைனில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் பேசினோம். எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார், கார்டின் படங்கள் அனுப்பினார். அப்புறம், "இந்தக் கார்டுக்கு ஆறு பின் பவர் வேணும் ப்ரோ, உங்க பழைய எஸ்எம்பிஎஸ்ல அது இருக்காது. 500 வாட்ல ஒண்ணு சேர்த்துத் தரேன், காம்போவா எடுத்துக்கங்க" என்றார். கார்டோடு ஒரு பென் டிரைவும் வந்தது. "டிரைவர் அதுல இருக்கு. அதை மட்டும் போடுங்க. அப்டேட் கேட்டா கொடுக்காதீங்க, கார்டு போயிடும்" என்று அழுத்தமாகச் சொல்லியிருந்தார்.

அப்டேட் செய்யாதே என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். உண்மையான கார்டு வைத்திருக்கும் யாருக்கும் அப்படிச் சொல்லத் தேவையே வராது. இந்தச் சிப்களை வடிவமைக்கும் என்விடியாவின் தளத்திலிருந்து இறக்கும் எந்த டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்), அந்தக் கார்டுக்கான ஆதரவு இருக்கும்வரை, தானாகப் பொருந்தும்.

கார்டைப் போட்டதும் விண்டோஸ் வந்தது, பெயரும் சரியாக வந்தது. பழைய சின்ன கேம்கள் ஓடின. கொஞ்சம் பெரிய கேம் எதைத் திறந்தாலும் இரண்டில் ஒன்று நடந்தது. ஒன்று, திரை முழுக்க பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் பரவி கேம் மூடிக்கொள்ளும். இல்லையென்றால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். விற்றவரைக் கேட்டால் ஒருநாள் சூடு என்றார், இன்னொருநாள் உங்கள் போர்டு பழையது என்றார். என்விடியா தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டுப் பார்த்தோம். பொருத்தமான ஹார்டுவேர் எதுவும் இல்லை என்று சொல்லி இன்ஸ்டாலர் நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தோம். கார்டின் உள்விவரங்களைக் காட்டும் இலவச மென்பொருள், சில மெகாபைட்தான். 2018 முதல் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதி இதில் இருக்கிறது. திறந்ததுமே பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஃபேக், அதாவது போலி, என்ற சொல். என்விடியா லோகோ வர வேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறி போட்ட முக்கோணம். சிப்பின் பெயர் ஜிஎஃப்116. தயாரிப்பு நுட்பம் 40 நானோமீட்டர். ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை 192. உண்மையான 1050 டிஐயில் இருப்பது ஜிபி107 என்ற சிப், 14 நானோமீட்டர், 768 ஷேடர்கள். கீழே வல்கன் (கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் முறை) என்ற கட்டத்தில் டிக்கும் இல்லை. 550 டிஐ சேர்ந்த ஃபெர்மி தலைமுறைச் சிப்களுக்கு வல்கன் ஆதரவே கிடையாது, இன்றைய சில கேம்களோ அது இல்லாமல் திறக்கவே மாட்டா.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை விற்றவருக்கு அனுப்பினோம். "அந்த சாஃப்ட்வேர் தப்பா காட்டும் ப்ரோ. விண்டோஸ்ல என்ன காட்டுதோ அதுதான் உண்மை" என்று பதில் வந்தது. இந்தப் பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். விண்டோஸ் கார்டைப் பிரித்துப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. கார்டின் பயாஸும் (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) டிரைவரும் என்ன சொல்கின்றனவோ அதைத்தான் திருப்பிக் காட்டுகிறது. போலி செய்பவர்கள் பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, அதற்கேற்ப டிரைவர் ஃபைலையும் திருத்திவிடுகிறார்கள். பென் டிரைவில் வந்தது அப்படித் திருத்திய டிரைவர்தான். நினைவகம் 4 ஜிபி என்று காட்டுவதும் இதே வேலை. உள்ளே இருக்கும் உண்மையான நினைவகம் 1 ஜிபியாக இருந்தால், கேம் அதைத் தாண்டிக் கேட்கும்போது, இல்லாத இடத்தில் எழுதப் போய் எல்லாம் குழம்புகிறது. திரையில் வந்த வண்ணக் கட்டங்கள் அதனால் வந்தவை. டெஸ்க்டாப்பிலும் சின்ன கேம்களிலும் அந்த அளவைத் தொடாததால் கார்டு நல்ல கார்டு போலவே நடந்துகொள்ளும். வாங்கியதும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

விற்றவர் முதலில் மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு பதிலைத் தள்ளிப்போட்டார், கடைசியில் எண்ணை பிளாக் செய்துவிட்டார். இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று ஆன பிறகு கூலரைக் கழற்றினோம். நான்கு திருகு, காய்ந்து மண்ணாகிப்போன தெர்மல் பேஸ்ட். அதை ஈரத்துணியில் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தால், கண்ணாடி போன்ற சிப்பின் மேல் எழுத்துகள் சாய்வெளிச்சத்தில் தெரிந்தன: ஜிஎஃப்116-400-ஏ1. இது 550 டிஐயின் சிப். அதே சிப்பில் இன்னொரு வரியில் தயாரிப்பு ஆண்டையும் வாரத்தையும் சொல்லும் நான்கு இலக்க எண் 11 என்று தொடங்கியது. அதாவது 1050 டிஐ என்ற பெயரே பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு செய்த சிப். ஸ்டிக்கரை அச்சடிக்கலாம், பயாஸை மாற்றலாம். இந்த எழுத்தைச் சுரண்டி எடுக்கலாமே தவிர வேறு பெயராக எளிதில் மாற்ற முடியாது.

எஸ்எம்பிஎஸ் கதை தனி. நண்பர் ஒருவரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் போட்டதும் பட்டென்று அணைவது நின்றுவிட்டது, வண்ணக் கட்டங்கள் மட்டும் தொடர்ந்தன. அப்படியென்றால் அவர் காம்போவில் கொடுத்ததும் கோளாறுதான். அதன் பக்கவாட்டு லேபிளில் 500 வாட் என்று பெரிதாக இருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். கம்ப்யூட்டரில் ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். 550 டிஐயின் கணக்கு 116 வாட், தம்பியின் ஐ5 ப்ராசசர் 84 வாட். இந்த இரண்டுக்கே 200 ஆகிவிட்டது. கேம் ஓடும்போது அணையாமல் என்ன செய்யும்?

தயவுசெய்து எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்து வாட்டைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வரும் எண் மேலே போட்டிருக்கும் வாட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், பாதிகூட வரவில்லை என்றால் தொடவே வேண்டாம். பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பெரும்பாலும் பழைய, மலிவான வடிவமைப்பு. மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரையையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, அதில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது பலரும் முதலில் வெட்டுவது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். என் கருத்தில் அதைத்தான் கடைசிவரை வெட்டக் கூடாது, அது கெட்டால் தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

கார்டைக் கையில் வாங்குமுன், படத்திலேயே சந்தேகப்பட இடம் இருக்கிறது. முதலில் போர்ட்டுகள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சிப்களிலிருந்து என்விடியா, விஜிஏ திரைகளுக்கான அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் அநேகமாகப் போலி. டிவிஐ போர்ட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் நீளமான தட்டைத் துளை இருக்கும். அதைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது அனலாக்கும் தரும் பழைய வகை, 1050 டிஐயில் அது இருக்காது. எங்களுக்கு அனுப்பிய படத்திலேயே அந்த நான்கு துளைகளும் தெளிவாகத் தெரிகின்றன. கார்டின் மேல் விளிம்பில் இரண்டு கார்டுகளை இணைக்கும் எஸ்எல்ஐ தங்கப்பல் இருந்தாலும் அதே முடிவுதான், 1050 டிஐக்கு எஸ்எல்ஐ கிடையாது. ஆறு பின் பவர் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வேகம் கூட்டிய சில அசல் 1050 டிஐ மாடல்களிலும் அது உண்டு. ஆனால் இது இல்லாமல் கார்டு ஓடாது, கூடவே எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கு என்று ஒருவர் சொன்னால் எச்சரிக்கையாகுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. வீடியோ கேளுங்கள். அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாள் கார்டின் பக்கத்தில் இருக்கட்டும், அதே வீடியோவில் வெட்டு இல்லாமல் ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டட்டும், பிறகு கனமான பெஞ்ச்மார்க் (கார்டின் திறனைச் சோதிக்கும் மென்பொருள்) ஒன்றை ஓட்டட்டும். நல்ல கார்டு வைத்திருப்பவர் இதற்குச் சலித்துக்கொள்வார், ஆனால் செய்து காட்டிவிடுவார்.

போலி இல்லாமலே பெயரால் குழப்புபவையும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்றொரு வகை இருக்கிறது. அசல் 580-ல் 2304 ஷேடர்கள், இதில் 2048, அதாவது 570-க்குச் சமம். ஜிடி 1030-ல் ஜிடிடிஆர்5 வகை நொடிக்கு 48 ஜிபி நினைவக வேகம் தரும், டிடிஆர்4 வகை 16.8-தான். பெட்டியில் பெயர் ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும் 8 ஜிபியும் நினைவக அளவில் மட்டும் மாறுபடுபவை என்று நினைக்காதீர்கள், 6 ஜிபி வகையில் ஷேடர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். ஐ7 என்று மட்டும் போட்டு விற்கும் கம்ப்யூட்டர்களில் முழு மாடல் எண் கேளுங்கள். 2011-ல் வந்த 2600-ம் ஐ7தான், ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசசர்களை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை.

ஏற்கெனவே வாங்கி, இப்போது சந்தேகம் வந்திருக்கிறதா? கூலரைக் கழற்றாதீர்கள். கழற்றினால் அதையே காரணம் காட்டித் திருப்பி வாங்க மறுப்பார்கள். முதலில் ஜிபியு-இசட் திரையை, கம்ப்யூட்டரும் கார்டும் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுங்கள். போர்ட்டுகளையும் ஸ்டிக்கரையும் எடுங்கள். விளம்பரத்தை அது நீக்கப்படுமுன் சேமித்துக்கொள்ளுங்கள், எங்கள் விற்பனையாளர் புகார் சொன்ன அன்றே அதை எடுத்துவிட்டார். போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் புகார் அனுப்புங்கள். விற்பனைத் தளம் வழியாகவோ கிரெடிட் கார்டிலோ பணம் கொடுத்திருந்தால், கெடு முடியுமுன் அவர்களிடம் தகராறு பதிவு செய்யுங்கள். எங்களிடம் அவர் தளத்துக்கு வெளியே, நேராகத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், விலையும் கொஞ்சம் குறைத்தார். தளத்தில் முறையிட்டபோது வெளியே நடந்த பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வங்கியிலும் இணையக் குற்றப் பிரிவிலும் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பணம் வரவில்லை. அதே கார்டின் படங்கள், அந்த நான்கு துளைகளோடு, இப்போது வேறு பெயரில் ஒரு விளம்பரத்தில் இருக்கின்றன. யாராவது அங்கே பேசிக்கொண்டிருந்தால் பணம் அனுப்பாதீர்கள்.