வள்ளத்துக்கும் நெல்லு மெசினுக்கும் எந்த பிளாஸ்டிக்: நைலோனா, அசிட்டலா?

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய் "பிளாஸ்டிக் புஷ் ஒன்று கடைஞ்சு தாங்க" என்றால் (புஷ் என்பது சுழலும் தண்டான ஷாஃப்டைச் சுற்றித் தாங்குகிற குழாய்த் துண்டு), மறுகேள்வி இல்லாமல் நைலோன் றொட்டைத்தான் சக்கில் பூட்டுவார்கள். மலிவு, தேடாமல் கிடைக்கும், அடி தாங்கும். டெல்ரின் என்று விற்கிற அசிட்டலின் விலையைக் கேட்டதுமே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

தரவுத்தாளில் பார்த்தால் நைலோன் தோற்கிற மாதிரியே தெரியாது. வலிமையில் இரண்டும் ஏறக்குறைய சமம். உருகுநிலையில் நைலோன் 6 என்கிற வகை முந்துகிறது: அது சுமார் 220 பாகை செல்சியஸ், அசிட்டல் 165 முதல் 175 வரைதான். ஆனால் அந்தத் தாளின் முதல் நிரலில் பெரிய எழுத்தில் இருப்பது உலர்ந்த நைலோனின் கணக்கு. நம்ம பக்கம் வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலும் அப்படி ஒரு நைலோன் கிடையாது. சாதாரணக் காற்றிலிருந்தே எடையில் 2.5 முதல் 3 சதவீதம் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் முழுக்க ஊறினால் 9 சதவீதத்தைத் தாண்டும். காற்று ஈரத்திலேயே விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அதைவிடத் தொல்லை, வீங்குவது. ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் நீளம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும். 50 மி.மீ. துண்டு முழுக்க ஊறினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்கும். இரும்புக் கூட்டுக்குள் இறுக்கி அடித்த புஷ் வெளிப்பக்கம் பெருக்க வழியில்லை. எல்லாம் உள்பக்கம்தான் வரும். துளை சுருங்கி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். சிறுபோகத்தில் கடைந்த புஷ் மாரி மழையில் இறுகினால், கடைந்தவரைத் திட்டிப் பயனில்லை. அசிட்டல் முழுக்க ஊறினாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். வாவியிலும் கடலிலும் ஓடுகிற வள்ளத்தில் நுட்பமான அளவு வேண்டிய இடத்துக்கு நான் அசிட்டலைத்தான் சொல்வேன், விலை கூடினாலும்.

அதற்காக நைலோனைத் தூக்கி எறியவும் தேவையில்லை. ஈரம் குடித்த நைலோன் மென்மையானாலும் அடிக்கு உடையாது. அறுவடை மெசினில் குலுங்கி அடிபடுகிற சங்கிலி வழிகாட்டிக்கு அதுவே நல்லது. அசிட்டலில் கூர்மூலை விட்டுக் கடைந்தால் அந்த மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். இன்னொன்று, அசிட்டலுக்கு அமிலமும் குளோரினும் ஆகாது. தொடர்ந்து குளோரின் போடுகிற தண்ணீர்ப் பம்பில் நாள்பட அரிபடும்.

நெல்லு வழுக்கி ஓடுகிற பீலிக்கு இரண்டுமே வேண்டாம். உமியில் சிலிக்கா நிறைய. அரம் போலத் தேய்க்கும். அங்கே மிகை மூலக்கூற்று எடைப் பொலித்தீன் (UHMWPE என்கிற, தேய்மானம் தாங்கும் வகை) தகடு போடலாம். தண்ணீர் குடிக்காது, ஒட்டாது. ஆனால் 80 பாகைக்கு மேல் நம்பக்கூடாது, சூடான உலர்த்திப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது.

சரி, நிரப்பிகள், அதாவது பிளாஸ்டிக்கோடு கலக்கிற சேர்மானங்கள். "கண்ணாடி நார் போட்ட நைலோன் இருக்கு, ரெண்டு மடங்கு பலம்" என்று யாராவது சொன்னால், பொய் இல்லை. 30 சதவீதம் கண்ணாடி நார் சேர்த்தால் வலிமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பத்தில் வளைவதும் வீங்குவதும் குறையும். விசிறி இலை, எஞ்சின் மூடி, பம்ப் கூடு எல்லாவற்றுக்கும் சரி. புஷ்ஷுக்குப் போட்டால் நார் முனைகள் ஷாஃப்டை உரசித் தின்னும். புஷ்தான் தேய வேண்டும், ஷாஃப்ட் அல்ல. ஷாஃப்ட் மாற்றுகிற செலவு யாருக்குத் தெரியாது? உராய்கிற இடத்துக்கு எண்ணெய் ஊட்டிய வார்ப்பு நைலோனைக் கேளுங்கள். மொலிப்டினம் டைசல்பைட்டு என்கிற வழுக்கும் தூள் கலந்த கருஞ்சாம்பல் நைலோனும் ஆகும், ஆனால் ஈரம் குடிக்கிற குணம் அதிலும் போகாது.

வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை: சீவலை வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பொலித்தீன் போன்ற வகை, இந்த இரண்டும் இல்லை. மூழ்கினால் நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம்: நைலோன் மயிர் கருகிய நாற்றம் அடிக்கும். அசிட்டல் கண்ணுக்கே தெரியாத நீலச் சுடரில் எரிந்து கண்ணைக் கரிக்கும். அது போமல்டிகைட்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.