பையனுக்கு ஐந்து நட்சத்திரம், ஷோரூமுக்கு இரண்டு

கார் நன்றாக இருக்கிறது. ஓட்டச் சுகம், மைலேஜ் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது, பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது அதை வாங்கிய ஷோரூமைப் பற்றி. பெயரைப் போடப்போவதில்லை. பெயரோடு ஒரு புகார் போனால் மேலே இருப்பவர்கள் முதலில் கேட்பது 'இது யாரோட கஸ்டமர்' என்றுதான், அடி விழுவது எனக்கு விற்ற பையனுக்கு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே மூன்று வருடம் ஒரு கார் ஷோரூமில் விற்பனையில் நின்றவள். அந்த வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிறது.

மாதத்தின் கடைசி வாரத்தில் போனேன், வேண்டுமென்றேதான். தம்பியும் கூட வந்தான். எங்களிடம் வந்த பையனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நின்றுகொண்டே ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தான். கஸ்டமர் உட்காராதவரை தளத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது நான் இருந்த காலத்திலேயே இருந்த விதி, அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை போல. அவன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு ஓடும், அதிகமும் டவுனிலா ஹைவேயிலா. நான் மேல் வேரியன்ட்டைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க ஓட்டத்துக்கு இதுக்குக் கீழ இருக்கறதே போதும் மேடம், மேல போனா சன்ரூஃபும் பெரிய ஸ்கிரீனும்தான் கூட வரும்" என்றான். டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் வழவழ ரோடு வேண்டாம், குண்டும் குழியுமான இடத்தில் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன், மறுபேச்சு இல்லாமல் கூட்டிப்போனான். ஐந்து நட்சத்திரம் இதற்குத்தான். இந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர்கள் அபூர்வம், அவன் தெரிந்து செய்தான்.

இதெல்லாம் நடக்கும்போதே அவன் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பார்க்காமல் பாக்கெட்டில் அழுத்தி அழுத்தி அணைத்தான். அது என்ன என்று எனக்குத் தெரியும். குரூப்பில் 'இன்னிக்கு யார் யார் கிட்ட எத்தனை, எப்ப க்ளோஸ்' என்று டீம் லீடர் கேட்டுக்கொண்டே இருப்பார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும், வாங்குவார் போல இருக்கிறதா என்று பார்த்து ஹாட், வார்ம், கோல்ட் என்று பிரித்து சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். ஹாட் என்று போட்டுவிட்டு அன்று புக்கிங் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டும், கோல்ட் என்று போட்டால் ஏன் கோல்ட் என்று பதில் சொல்ல வேண்டும். டெஸ்ட் டிரைவ் எண்ணிக்கை குறைகிறது என்று திட்டு விழுந்தால் ஓட்டாத வண்டியையும் ஓட்டியதாகப் பதிந்து வைப்பார்கள். நானும் பதிந்திருக்கிறேன். தப்புதான்.

விலை பேச உட்கார்ந்ததும் காட்சி மாறியது. "மேனேஜர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் மேடம்" என்று எழுந்து போனான். கண்ணாடி அறைக்குள் அவன் நிற்பது தெரிந்தது, மேனேஜர் ஏதோ போன் பேசிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். இதில் பாதி நேரம் உண்மையில் எதுவும் நடக்காது, காத்திருக்க வைப்பதே வேலை. காத்திருந்தவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்தாயிற்றே என்று எழுந்து போகத் தயங்குவார், அந்தக் கணக்குதான். நான் அந்த அறைக்குள் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறேன். உள்ளே எனக்குக் கிடைத்ததெல்லாம் "விட்டுடாத, இன்னிக்கே முடி" என்கிற ஒரே வாக்கியம். பழைய காரை மதிப்புப் போட எடுத்துப்போன ஆள் சாவியைத் திருப்பித் தரவும் நேரம் எடுத்தார், அதுவும் தற்செயல் கிடையாது.

அப்புறம் டீம் லீடர் வந்து உட்கார்ந்தார், அவருக்குப் பிறகு மேனேஜரே வந்தார். ஒருவரால் முடியாததை அடுத்தவர் வந்து முடிக்கும் இந்த முறை உலகம் முழுக்க உள்ளதுதான். மேனேஜர் வந்த நிமிடத்தில் இருந்து என் தம்பியைப் பார்த்தே பேசினார். வாங்குவது நான், லோன் என் பெயரில், வேலையும் எனக்குத் தெரிந்த வேலை என்று சொன்ன பிறகும் அவர் கண் அவன் பக்கமே போனது. இது என் மனப்பிரமை என்று யாராவது நினைத்தால், அமெரிக்காவில் இயன் ஏயர்ஸ் என்கிற சட்டப் பேராசிரியர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: ஒரே மாதிரி பேசப் பழக்கிய ஆட்களை சிகாகோ பக்கத்து டீலர்களிடம் அனுப்பிப் பார்த்தார், வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் சொன்ன விலை அதிகமாக இருந்தது. பேரம் பேசி விற்கிற இடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முதல் விலையே வருகிறது. இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று இந்த மேனேஜராலேயே போயிருக்கும், நல்லவேளை அந்தப் பையன் குறுக்கே வந்து "சார், மேடம்தான் வாங்கறாங்க" என்று சொன்னான். மேலதிகாரி முன்னால் அதைச் சொல்ல அந்த வேலையில் தைரியம் வேண்டும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதினார்கள். பழைய காரின் மதிப்பு, புதுக் காரின் விலை, முன்பணம், மாதத் தவணை. நான் மொத்தத் தொகையைக் கேட்கக் கேட்க அவர்கள் தவணைக்கே திரும்பி வந்தார்கள். தவணையை மட்டும் பேசினால் கடனை இரண்டு வருடம் நீட்டிவிட்டு 'குறைத்துவிட்டோம்' என்று சொல்லலாம், ஒரு கட்டத்தில் கொடுத்ததை இன்னொரு கட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். நீட்டித்த வாரண்டி, பெயின்ட் கோட்டிங், இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் பேக்கேஜ் எல்லாம் நான் கேட்காமலேயே விலைப்பட்டியலில் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம் காட்டப்பட்டது. புதுக் காரில் டீலருக்கு நிற்கும் லாபம் ரொம்பக் குறைவு, அவர்கள் பிழைப்பதே கடன் கமிஷனிலும் இன்சூரன்ஸிலும் சர்வீஸிலும்தான், அதனால் இந்த மேஜையில்தான் அழுத்தம் அதிகம். கடன் வட்டியை டீலரே ஏற்றி வைக்கலாம், ஏற்றிய அளவுக்குக் கமிஷனும் கூடும் என்கிற ஏற்பாடு பிரிட்டனில் ரொம்ப நாள் நடந்தது, 2021 ஜனவரியில்தான் அங்கே நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையம் அதற்குத் தடை போட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. உங்களை அழுத்துகிற ஆள் வில்லன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவது சுலபம். நானும் கஸ்டமராக மட்டும் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் ஷோரூமில் பளபளவென்று நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் டீலர் கடன் வாங்கி நிறுத்தியவை, நின்ற நாளுக்கு எல்லாம் வட்டி ஓடும். கார் தயாரிக்கும் கம்பெனி டீலருக்கு மாத டார்கெட் வைக்கும், சில திட்டங்களில் அந்த எண்ணைத் தொட்டால் அதுவரை விற்ற எல்லா வண்டிக்கும் சேர்த்து போனஸ், ஒரு வண்டி குறைந்தால் மொத்தமும் போச்சு. கடைசி நாள் அந்த ஒரு வண்டிக்காக நஷ்டத்துக்கும் விற்பார்கள், டீலர் பெயரிலேயே பதிவு செய்து டெமோ என்று ஓரமாக நிறுத்துவார்கள். டீலருக்கு வந்த சூடு மேனேஜருக்கு இறங்கி, அவரிடமிருந்து டீம் லீடருக்கு இறங்கி, கடைசியில் ஒரு சின்னப் பையனின் கையில் வந்து நிற்கும். அவனுக்குக் கீழே யாரும் கிடையாது, உங்களைத் தவிர.

நான் இருந்தபோது காலை மீட்டிங்கில் முந்தின நாள் ஜீரோ போட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க நாம் மட்டும் நின்று, இன்றைக்கு எத்தனை என்று வாயால் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளம் குறைவு, மீதி எல்லாம் இன்சென்டிவ், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால்தான். நான்காவது வண்டி விற்றும் ஐந்தாவது வராததால் வெறும் கையோடு போன மாதங்கள் உண்டு. கஸ்டமர் புக்கிங்கை ரத்து செய்தால் போன மாதம் கொடுத்ததை இந்த மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஊரே லீவு போடும் நாளில்தான் ஷோரூமில் கூட்டம், அதனால் வீட்டில் ஒரு விசேஷத்துக்கும் நான் முழுசாக இருந்ததில்லை. பயிற்சி வகுப்பில் ஜோ ஜிரார்டின் கதையைச் சொல்வார்கள்: டெட்ராய்ட் பக்கம் ஒரு செவ்ரோலே டீலரிடம் 1963-லிருந்து பதினைந்து வருடத்தில் 13,001 கார் விற்றவர், 1973-ல் மட்டும் 1,425. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட நான்கு கார். அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது என்பார்கள். அவர் பழைய கஸ்டமர்களுக்கு மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்பி, அவர்கள் திரும்ப வருவதை நம்பி வியாபாரம் செய்தார் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொன்னதில்லை. எனக்குப் பழைய கஸ்டமரை அழைத்துப் பேச நேரம் கொடுத்ததே கிடையாது, தினமும் புது நம்பர்களைக் கூப்பிட்டு முடிக்க வேண்டும்.

விற்பனையில் மட்டும் இல்லை, சர்வீஸ் பக்கமும் இதே கதைதான். அமெரிக்கச் சட்டத்தில் கார் விற்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஓவர்டைம் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு நெடுநாளாக இருக்கிறது. சர்வீஸ் அட்வைசர்களும் அதற்குள் வருவார்கள் என்று 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. வண்டியை விடப் போகும்போது 'ஏசி ஃபில்டர் மாத்தணும், இன்ஜின் க்ளீனிங் செய்யணும்' என்று நீளமாகப் பட்டியல் சொல்பவருக்கும் ஒரு டார்கெட் இருக்கிறது, அதை நினைவில் வைத்துக்கொண்டே பட்டியலைக் கேளுங்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1993-ல் தொடங்கிய கார்மேக்ஸ் அமெரிக்காவில் பழைய கார்களைப் பேரம் இல்லாத விலையில் விற்கிறது, விற்பவருக்கு ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று நிலையான கமிஷன், லாபத்தில் பங்கு கிடையாது. என்னை ஏமாற்றினால் விற்பவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது என்றால் அவர் ஏன் ஏமாற்றப்போகிறார்? சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்களோ அப்படித்தான் கஸ்டமரிடம் நடந்துகொள்வார்கள், மூன்று வருடத்தில் நான் தெரிந்துகொண்டது அதுதான்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு. வங்கியில் கடனுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனேன், அதைக் காட்டியதும் இவர்கள் சொன்ன வட்டியே இறங்கியது. மொத்தத் தொகையை ஒரே வரியில் எழுதித் தரச் சொன்னேன். வண்டி தயாரித்த மாதத்தைப் பார்த்தேன், ரொம்ப நாள் நின்ற வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எழுதாத படிவம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 'இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்' என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன், மறுநாள் காலை மேனேஜரே கூப்பிட்டு அதே ஆஃபரைக் கொடுத்தார். எல்லா ஆஃபரும் இப்படித் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டேன், மாதக் கடைசியில் பெரும்பாலும் வரும்.

டெலிவரி சொன்ன நாளைவிட ஆறு நாள் தாமதம். பையன்தான் தினமும் போன் செய்து மன்னிப்புக் கேட்டான், தாமதத்துக்குக் காரணமான யாரும் ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. டெலிவரி ஆன அன்று சாயங்காலம் மெசேஜ் போட்டான்: "மேடம், கம்பெனியில இருந்து சர்வே கால் வரும், தயவுசெஞ்சு பத்து கொடுங்க, ஒன்பதுன்னாலும் எனக்குப் பிரச்சினை." இதுவும் எனக்குப் புதிது இல்லை. இந்த மாதிரி சர்வேக்களில் பத்துக்குக் கீழே எதைக் கொடுத்தாலும் அது குறையாகவே கணக்கில் ஏறும், மேனேஜர் செய்ததற்கும், வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் இருப்பவர்கள் செய்ததற்கும் சேர்த்து விற்ற ஆளின் இன்சென்டிவில் கை வைப்பார்கள். கால் வந்தது. எல்லாக் கேள்விக்கும் பத்து சொன்னேன். டெலிவரி சரியான நேரத்துக்கு வந்ததா என்ற கேள்விக்கும் பத்துதான் சொன்னேன், அது பொய், அதனால்தான் உண்மையை இங்கே எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்து டயர் பிரஷர் விளக்கு எரிந்தது. அந்தப் பையனின் நம்பருக்கே கூப்பிட்டேன். எடுத்தது வேறு குரல். "வணக்கம் மேடம், எந்த கார் பார்க்கறீங்க?" என்றான். ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இந்த நம்பர் வைத்திருந்தவர் எங்கே என்று கேட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டார், இது கம்பெனி சிம், இப்போது தன்னிடம் இருக்கிறது என்றான். விளக்கைப் பற்றிச் சொன்னதும் கேட்டுச் சொல்கிறேன் என்று லைனில் நிறுத்தி வைத்தான், பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிச் சத்தம் போடுவது கேட்டது. திரும்பி வந்து சர்வீஸ் நம்பர் கொடுத்தான், தெரிந்தவர்கள் யாராவது கார் வாங்குகிறார்களா என்று மூச்சு விடாமல் கேட்டான். சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்றேன்.

"இன்னிக்கு மூணாவது நாள் மேடம்."