அக்ரிலிக் நகம் வைக்கப் போகிறீர்களா? முதலில் அந்தத் திரவப் பாட்டிலைப் பாருங்கள்

சலூன் மேசையில் லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து திரவத்தைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினால், கையை நீட்டாதீர்கள். என்ன பிராண்ட், என்ன மோனோமர் (அக்ரிலிக் தூளோடு கலந்ததும் இறுகிப்போகும் திரவம்) என்று கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் ஒன்றல்ல. நகத்துக்கென்று தயாராகும் திரவத்தில் இருப்பது எத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது இ.எம்.ஏ. அதைவிட மலிவாகக் கிடைப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட், எம்.எம்.ஏ. பல் செட் செய்யவும், செயற்கை மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் சிமெண்டிலும் பயன்படுகிற பொருள் அது. அந்த இடங்களில் அதற்கு வேலை உண்டு, நகத்தில் கிடையாது. நகம் சிதைந்தது, தோலில் ஒவ்வாமை வந்தது என்று புகார்கள் வந்ததால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களிலேயே நீதிமன்றம் வரை போய் நூறு சதவீத எம்.எம்.ஏ. நகத் திரவங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. இன்றும் அதை ஊற்றுகிற சலூன்கள் இருக்கின்றன.

வேறொரு சலூனில் வைத்த நகங்களைக் கழற்றித் தரும்படி எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் கையைப் பார்த்தால் நடந்தது முழுவதும் புரிந்துவிடும். மேல்பகுதியை ஃபைல் செய்துவிட்டுச் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தோம். நல்ல அக்ரிலிக் என்றால் 20 முதல் 40 நிமிடத்தில் இளகி, மரக்குச்சியால் தள்ளினாலே வந்துவிடும். இது ஒரு மணி நேரம் தாண்டியும் பசைபோல இழுத்துக்கொண்டு நின்றது. அடியில் இருந்த சொந்த நகத்தில், நகம் தொடங்கும் இடத்துத் தோலான க்யூட்டிக்கிளை ஒட்டிப் பிறை வடிவத்தில் சிவந்த பள்ளங்கள். டிரில்லை ஒரே இடத்தில் சாய்த்து அழுத்தினால் வருகிற தடம் அது. மோதிர விரல் நகத்தின் ஓரத்தில் பச்சை நிறம்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எம்.எம்.ஏ. வழவழப்பான நகத்தில் சரியாகப் பிடிக்காது. அதனால் பிடிப்புக்காக டிரில் வைத்து நகத்தையே சுரண்டிவிடுவார்கள். காய்ந்ததும் அது வளையவே வளையாது. கதவில் இடித்தால் அக்ரிலிக் உடைவதற்குப் பதிலாக அடியிலுள்ள சொந்த நகம் பிய்ந்துகொண்டு வரும். உடையாமல் ஓரம் தூக்கினாலோ இடுக்கில் ஈரம் தங்கும், அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து பச்சையாகும். அந்தப் பச்சைக்கு மேலேயே புதுப்பூச்சு போட்டு மறைக்கிற சலூனைப் போல மோசமான இடம் வேறில்லை. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, முழுக்கக் காயவிட வேண்டும்.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் ஏமாற்றுவது கடினம். க்யூட்டிக்கிளைத் தள்ளி, நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை எடுப்பார்கள். இதைத் தவிர்ப்பதுதான் நகம் சீக்கிரம் தூக்குவதற்கு முதல் காரணம். பிறகு 180 அல்லது 240 கிரிட் (எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்) ஃபைலால் பளபளப்பு மட்டும் போகும்படி லேசாகத் தேய்ப்பார்கள். 80, 100 கிரிட் எல்லாம் அக்ரிலிக் மேல் மட்டுமே, சொந்த நகத்தில் படவே கூடாது. அடுத்து நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் போக்கும் டிஹைட்ரேட்டர், அதன்பின் அக்ரிலிக் பிடிப்பதற்காக ஒரு துளி பிரைமர். அமில வகைப் பிரைமர் தோலைச் சுடும். எரிகிறது என்று சொன்னால் உடனே கழுவிவிட வேண்டும், "கொஞ்சம் பொறுங்க" என்பது பதிலல்ல.

ஒரு பங்கு தூளுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு திரவம் சேர்ந்த உருண்டை, பிரஷ் நுனியில் சொட்டாமல் நிற்கும். நீர்த்து ஓடினால் தோலில் வழியும், முழுக்க இறுகாத மோனோமர் அங்கேயே தங்கும். ஒவ்வாமை தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே க்யூட்டிக்கிளுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலிலும் பாருங்கள்.

இன்னொன்று: அக்ரிலிக் காற்றிலேயே இறுகும், அதற்கு விளக்கு தேவையில்லை. அக்ரிலிக் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பூச்சுக்கும் கையை விளக்கில் வைக்கச் சொன்னால் போடுவது ஜெல். மேலே கடைசியாக ஜெல் டாப் கோட் போடும்போது மட்டும் விளக்கு வரலாம்.

வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இ.எம்.ஏ.வுக்கும் கடுமையான நெடி உண்டு. லேபிள், ஃபைல் செய்யும்போது கல்போன்ற கடினம், அசிட்டோனில் இளகாமை, இவை மூன்றும்தான் நம்பக்கூடிய அடையாளம். முதலாவது மட்டுமே போடுவதற்கு முன்பு தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பிய்க்காதீர்கள், நெம்பவும் விடாதீர்கள். நீளத்தை வெட்டி, மேலே மெலிதாகும்வரை ஃபைல் செய்து, கடைசி மெல்லிய அடுக்கை நகத்தோடு வளர்ந்து போகவிடுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகம் மாற ஆறு மாதம்வரை ஆகும். அதுவரை ஓரம் தூக்கியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

விரல் நுனியில் அரிப்பு, சிறு கொப்புளம், வீக்கம் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் இருக்கும். பல் அடைப்பதற்கும் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கும் போகும்போது அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சலூனில் புகார் செய்வதாக இருந்தால், கழற்றுவதற்கு முன்பே நகங்களையும் அந்தப் பாட்டிலையும் படமெடுத்து, பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கழற்றும் வேலையை அதே இடத்தில் கொடுக்காதீர்கள்.