பழைய ஹைலக்ஸின் மஞ்சள் விளக்கு: தோட்டத்து ரோட்டில் ஏபிஎஸ் படும் பாடு

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் பழைய பிக்கப்புகளில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிவது புதிதல்ல. "பிரேக்தான் பிடிக்குதே, அப்புறம் என்ன?" என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. ஏபிஎஸ் படுத்துக்கொண்டாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஹேண்ட்பிரேக்கையும் பிரேக் ஆயில் மட்டத்தையும் உடனே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி போயிருக்கக்கூடும். சுமை இல்லாத பிக்கப்பில் பின்பக்கம் எடையே கிடையாது. மழையில் பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டியின் வால் சுற்றிவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய ரோட்டில் ஏற்றத்துக்குத் தெரியாதது, இறங்கும்போது தெரிந்துவிடும்.

விளக்கு எரிந்ததும் "பம்ப் போச்சு, ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிச் சாமான் கடை) ஒன்று எடுத்துப் போடலாம்" என்று சொல்லும் பொமனிடம் (மெக்கானிக்) அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பம்ப் யூனிட் கடைசியில் சந்தேகப்பட வேண்டிய சாமான். சேறும் தண்ணீரும் குடிப்பது சக்கரத்தில் அதன் வேகத்தை அளக்கும் சென்சரும் அதன் ஒயரும்தான்.

கோளாறு எந்தச் சக்கரத்தில் என்று அறிய விலை உயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான புளூடூத் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் எஞ்சினின் கோளாறு எண்ணை (கோடு) மட்டும் காட்டும். ஏபிஎஸ் பக்கம் எட்டிப்பார்க்காது. டொயோட்டா ஹைலக்ஸ் விகோவில் ஒரு துண்டு ஒயர் போதும். சாவியை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், 16 ஊசித்துளைகள் (பின்) கொண்ட சாக்கெட்டில் 4ஐயும் 13ஐயும் இணையுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது, கீழ் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது. கீழ் வரிசையின் கடைசிப் பின்னான 16இல் பேட்டரி மின்சாரம் நேரடியாக இருக்கிறது; ஒயர் அங்கே பட்டால் ஃபியூஸ் போகும். பிறகு சாவியை ஆன் செய்து ஏபிஎஸ் விளக்கை எண்ணுங்கள். நிறுத்தாமல் சீராகத் துடித்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. மூன்று முறை மின்னி, சிறிது நின்று, ஒரு முறை மின்னினால் 31: முன் வலது. 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. 41 வந்தால் மின்அழுத்தக் குறைவு, 49 வந்தால் பிரேக் லைட் சுவிட்ச் சர்க்யூட், 51 வந்தால்தான் பம்ப் மோட்டார். சரிசெய்த பிறகு, ஒயர் இணைந்திருக்கும்போதே 5 விநாடிக்குள் பிரேக் பெடலை 8 தடவைக்கு மேல் மிதித்தால் கோடு அழியும்.

கோடு காட்டுவது இடத்தைத்தான், குற்றவாளியை அல்ல. 32 வந்ததும் சென்சர் வாங்க ஓடுவது வீண் செலவு. முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். இரும்புப் பல் வளையத்தின் எதிரே காந்தமும் சுருளும் கொண்ட பழைய வகை என்றால், பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளக்கலாம். பெரும்பாலும் 800 முதல் 2,500 ஓமுக்குள் இருக்கும். இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். சென்சர் பிளக்கின் எந்த முனைக்கும் வண்டி பாடிக்கும் இடையில் தொடர்பே காட்டக்கூடாது. அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஜாக்கில் தூக்கிய சக்கரத்தை விநாடிக்கு ஒரு சுற்றாகக் கையால் சுற்றுங்கள். இங்கேயும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அளவு விழுந்தால் வளையத்தில் விரிசல் அல்லது நசுங்கிய பல். புதிய வகைச் சென்சர் உள்ளே மின்னணுச் சில்லு கொண்டது. அதை ஓம் மீட்டரில் சோதிப்பதில் அர்த்தமில்லை. சாவி ஆனில் இருக்கும்போது வண்டிப் பக்கத்து பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விளக்கே எரியாத கோளாறு ஒன்று உண்டு. அதுதான் மோசமானது. சந்திப்பில் மெதுவாக நிறுத்தும்போது, வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் பெடல் கடகடவென்று உதைக்கும், வண்டி அரை மீட்டர் முன்னால் வழுக்கும். பழைய வகைச் சென்சரின் மின்அழுத்தம் வேகம் குறையக் குறையத் தானும் குறையும். சென்சர் உட்காரும் இடத்தில் துரு பொங்கி அதை மேலே தூக்கிவிட்டாலோ, பேரிங் ஆடினாலோ வளையத்துக்கும் சென்சருக்கும் இடைவெளி கூடி, சிக்னல் நேரத்துக்கு முன்பே செத்துவிடும். சக்கரம் இறுகிவிட்டது என்று நம்பும் கம்ப்யூட்டர் அங்கே பிரேக்கைத் தளர்த்துகிறது. உறுதிசெய்ய ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத இடத்தில் அதேபோல நிறுத்திப் பாருங்கள். உதைப்பு நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். எந்தச் சக்கரம் என்பதற்கு மட்டும் நல்ல ஸ்கேனர் தேவை: 20இலிருந்து மெதுவாக நிறுத்தும்போது நான்கில் எது முந்திக்கொண்டு பூஜ்யத்துக்கு விழுகிறதோ அதுதான்.

இதற்குப் புதுச் சாமான் தேவைப்படாமலும் போகலாம். போல்ட்டைக் கழற்றி, துரு எண்ணெய் விட்டு ஊறவைத்து, சென்சரை இடமும் வலமும் திருப்பி எடுங்கள். சுத்தியல் வேண்டாம்; பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நிற்கும். முனைக் காந்தத்தில் இரும்புத் தூள் மீசைபோல ஒட்டியிருக்கும், துணியால் துடையுங்கள். துளையையும் அது உட்காரும் பரப்பையும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். சென்சரின் உடம்பில் மட்டும் மெல்லியதாக கிரீஸ், முனையில் கூடாது. போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும்.

ஒயரில் ஏமாறுபவர்கள் அதிகம். ரப்பர் உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஸ்டீயரிங் திரும்பும்போது மடங்கும் இடத்தில்தான் அது நடக்கும். மீட்டரை மாட்டியபடி அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள். ஓம் குதித்தால் கண்டுபிடித்தாயிற்று. மடங்கும் இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. தள்ளி வெட்டி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். பானட்டுக்குள் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஆந்தைக் கூடு வைத்தாலும், நிறுத்திய வண்டிக்குள் ஏறும் எலியை ஆந்தை தேடி வராது.

முன் பேரிங் மாற்றியதும் விளக்கு வந்தால் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்புண்டு. சில பேரிங்குகளில் ஒரு பக்கத்துச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். சின்ன பேப்பர் கிளிப் ஒட்டும் பக்கம் சென்சரைப் பார்க்க வேண்டும். பின் ஆக்ஸிலில் பேரிங் மாற்றும்போது பல் வளையத்தைப் பிரஸ்ஸில்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் வளையம் பெயருக்கு ஏற்றபடி வளையும்.

பின்னால் மட்டும் பெரிய சேற்று டயர் போட்டுவிட்டு ஏபிஎஸ்ஸைக் குறை சொல்வதும் நடக்கிறது. சுற்றளவு மாறினால் சக்கர வேகக் கணக்கும் மாறும். மின்அழுத்தக் குறைவைக் காட்டும் கோடு 41 வந்திருந்தால், பேட்டரி நெகட்டிவுக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் எர்த் முனைக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள், 0.1ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

நீண்ட நாள் ஓட்டத்தில் வித்தியாசம் காட்டுவது பிரேக் ஆயில். மூடியில் டாட் 3 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்; சிலிக்கோன் வகையான டாட் 5 ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. ஈரம் உறிஞ்சும் ஆயில் இது. டாட் 3இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி, ஈரமேறினால் 140. அந்த ஈரமே யூனிட்டுக்குள் வால்வுகளை அரிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது கஞ்சத்தனம் பார்க்கும் செலவல்ல. மலிவு நகல் சென்சர்கள் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. முனை நீளம் அரை மில்லிமீட்டர் மாறினாலே மேலே சொன்ன உதைப்பு வரும். பழைய ஒரிஜினல், ஓம் சரியாக இருந்தால், அதைவிட மேல். ஹாஃப் கட் யூனிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பாகம் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், குழாய் வாய்கள் மூடியிருக்க வேண்டும். மாட்டியபின் பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க, வால்வுகளைத் திறந்து மூடும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

செம்மண் சரளையில் பெடல் துடிப்பதைக் கோளாறு என்று நினைத்து வண்டியைப் பிரிக்க வேண்டாம். உதிரிக் கல்லில் ஏபிஎஸ் அப்படித்தான் வேலை செய்யும், நிற்கும் தூரமும் கூடும். கடைசிச் சோதனையைத் தார் ரோட்டில், மழை விட்ட பிறகு, பின்னால் லோரி எதுவும் வராத நேரத்தில் வையுங்கள்.